முப்பத்தொரு துண்டு ரொட்டி

2023 ஜனவரி 15, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். விடிவதற்கு முன் பிடித்த தூறல் விடவில்லை. எதிர்மலை பனிமூட்டத்துக்குள் போயிருந்தது. பொங்கல் பானைக்கு மேலே என் மருமகள் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில்தான் என் பேத்தி கரும்பைக் கடிக்க முடியாமல் கீழே வைத்தாள்.

அவளுக்கு அப்போது எட்டு வயது. பதுளை பஸாரில் நான் வாங்கி வந்த கரும்பில் ஒன்பது கணு இருந்தது. மூன்று கணுவை அவளுக்கென்று வெட்டிக் கொடுத்திருந்தேன். வாயருகே கொண்டுபோனாள். பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். முன்பல்லால் கொஞ்சம் சுரண்டினாள். பிறகு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவின் நாய்க்குட்டிக்கு முன்னால் போட்டுவிட்டாள்.

"ஏன்டி, கரும்பு கசக்குதா?"

"உள்ள போகமாட்டேங்குது தாத்தா. வாசல் சின்னதாப் போச்சு."

வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அதோடு நானும் விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு எண்ணாமல் இருக்க வராது. முப்பத்து நான்கு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். விடியற்காலை வேலை பிரிக்கும் பெரட்டில் ஆட்களை எண்ணி, மூன்று வேளையும் கொழுந்து நிறுத்து எழுதியவன். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு ஆளும் இல்லை, கொழுந்தும் இல்லை. மறுநாள் காலை அவள் ரொட்டி தின்பதை எண்ணினேன். முன்பெல்லாம் ஒரு ரொட்டியை ஒன்பது கடியில் முடிப்பாள். அன்று அதை விரல்நகம் அளவுக்குப் பிய்த்துப் பிய்த்து உள்ளே தள்ளினாள். முப்பத்தொரு துண்டு.

இதை ஆறுதலுக்காக எழுதவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதரைப் பழிவாங்க நினைத்தேன். அரை வருடத்துக்கு மேல் அதற்காகவே காலையில் எழுந்தேன். எழுந்து என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுதுகிறேன்.

அந்த மனிதர் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் என்பதற்கு மேல் எழுதமாட்டேன். படித்த டாக்டர் அல்ல; ஆனால் தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் டாக்டரய்யா. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் அவர் துண்டு எழுதித் தர வேண்டும். பத்தொன்பது வருடமாக எனக்கு அவரைத் தெரியும். அந்தப் பத்தொன்பது வருடமும் அவர் என்னைப் பெயர் சொல்லியோ பதவி சொல்லியோ கூப்பிட்டதில்லை. "என்ன கணக்கு, எண்ணி முடிச்சாச்சா?" என்றுதான் கேட்பார்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அதற்கு முந்திய வருடம் பிள்ளையின் வலது முழங்கால் வீங்கியிருந்தது. காலையில் எழுந்ததும் லயத்துப் படியில் கிழவி மாதிரி ஒவ்வொரு படியாக இறங்குவாள். பத்து மணிக்கு மேல் ஓடுவாள். அவரிடம்தான் காட்டினோம். "எங்கயாவது விழுந்திருப்பா" என்று பூசுகிற மருந்து கொடுத்தார். நான்கு மாதத்தில் வீக்கம் வடிந்தது. நாங்களும் மறந்துபோனோம்.

ஜனவரி 23, திங்கட்கிழமை, பிள்ளையை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன். முதல் நாள் இரவே நான்கு வரியில் இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். லயத்தில் யாருக்குக் கடிதம் வேண்டுமானாலும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். பிறப்புச் சான்று, சேமலாபப் பணம், வெளிநாட்டில் வேலைக்குப் போன பெண்ணின் சம்பளப் பாக்கி, எல்லாவற்றுக்கும் என் கையெழுத்துதான். வாயால் சொன்னால் அவர் காதில் விழாது, எழுதிக் கொடுத்தால் மறுக்க முடியாது என்பது என் எண்ணம்.

வரிசையில் பதினான்கு பேர் நின்றார்கள். என் முறை வந்ததும் கடிதத்தை மேசையில் வைத்தேன். அவர் படித்தார். தலையைத் தூக்கவில்லை.

"பிள்ள பேசுறாளா?"

"வாயத் தொறந்தாத்தானே ஐயா பேசுறதுக்கு!"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒன்பது பேராவது சிரித்திருப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுத வேண்டும். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் மேசைக்கு முன்னால் நின்று நான் ஒரு வார்த்தையில் ஜெயித்தேன். அவர் துண்டு எழுதினார். என் கடிதத்தை அதோடு குத்தி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். பிள்ளை என் பக்கத்திலேயே நின்றுகொண்டு, மூடிய பல்லுக்குள்ளால் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் உறையைப் பிரித்துப் பார்த்து இருபத்து மூன்றாம் அறைக்கு அனுப்பினார்கள். தாய் மட்டும் உள்ளே போகலாம் என்றார்கள். மகன் கொழும்பில் கடையில் வேலை. ஆகவே ஒவ்வொரு தடவையும் மருமகள்தான் கொழுந்து எடுக்கப் போகாமல் பிள்ளையைக் கூட்டி வந்தாள். ஐந்து தடவை. தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்போம்; அவளுக்கு ஐந்து பேர் போயிற்று. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். வெளியே வந்ததும் கேட்பேன்.

"என்னம்மா செஞ்சாங்க?"

"ஒண்ணுமில்ல மாமா. படம் வரையச் சொன்னாங்க. அந்த மிஸ் சிங்களத்துல மெதுவா மெதுவா கேக்குறாங்க, இவ தலைய மட்டும் ஆட்டுறா."

"நீ சொன்னியா?"

"சொன்னேனே. வாயத் தொறக்குறாளே இல்லன்னு எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல சொன்னேன். அவங்க என் கையப் புடிச்சிக்கிட்டு, பயப்படாதீங்க, கொஞ்சம் கொஞ்சமாத் தொறப்பான்னாங்க."

பெரிய ஆஸ்பத்திரி, பல படிகள் இருக்கும், படம் வரைவது முதல் படியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாம் தடவை பஸ்ஸில் வரும்போது பேத்தியிடம் இதுவரை என்னென்ன வரைந்தாய் என்று கேட்டேன். "பதினோரு வீடு, ரெண்டு மாடு, ஒரு ரயிலு" என்றாள். மடுல்சீமை வளைவுகள் முழுவதும் அவள் பேசிக்கொண்டே வந்தாள். முன் சீட்டுப் பெண் ஒருத்தி திரும்பி, "ரேடியோவ கொஞ்சம் மூடு தாயி, தல சுத்துது" என்றாள். அந்த ரேடியோவைத்தான் பேச வைப்பதற்காக நாங்கள் மாதாமாதம் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம். எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

ஜூலை 5, புதன்கிழமை, பிள்ளைகளின் பல் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நர்ஸ் வந்தாள். ஆ காட்டச் சொன்னாள். கண்ணாடிக் குச்சி உள்ளே போகவில்லை. பிள்ளையின் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வாய்க்குள் வைக்கச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு விரலே இடித்தது. மறுபடியும் திறக்கச் சொல்லி மோவாய் நாடியைக் கவனித்தாள். திறக்கும்போது அது இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. ஸ்கேல் வைத்து அளந்தாள். இருபத்திரண்டு மில்லிமீற்றர். "ஒனக்குக் கை கால் மூட்டு எப்பயாவது வீங்கியிருக்கா?" என்று கேட்டாள். நாங்கள் யாரும் கேட்காத கேள்வி. பிள்ளை முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.

அடுத்த வாரமே சிறுவர் டாக்டர் பார்த்தார். இளவயது, நம் பேச்சு பேசுகிறவர். ஊசி, இரத்தம், ஸ்கான் என்று நாற்பத்தொரு நாள் ஓடிய பிறகு எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"பிள்ளைங்களுக்கு மூட்டுல வர்ற வாதம் ஐயா. வயசானவங்களுக்கு வர்றது வேற, இது வேற. காதுக்கு முன்னால கைய வச்சி வாயத் தொறந்து மூடிப் பாருங்க. அசையுதா? அதுவும் ஒரு மூட்டுதான். முழங்கால் வீங்கினா கண்ணுக்குத் தெரியும். இது உள்ளுக்குள்ளயே வீங்கும். நெறய பிள்ளைங்களுக்கு வலிக்கக்கூட செய்யாது. அதனால யாரும் பாக்குறதில்ல."

"வலிக்கலன்னா அப்புறம் என்னங்க?"

"கீழ்த்தாடை வளர்ற எடமே அதுதான். அது கெட்டா தாடை வளராது. ஒரு பக்கம் மட்டும் கெட்டா மொகம் கோணும். எப்ப இருந்து இப்படி?"

"பொங்கல்ல இருந்து."

"ஆறு மாசம் எங்க இருந்தீங்க?"

கேட்டது கோபத்தில் அல்ல. ஆனால் அந்தக் கேள்வி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு டாக்டர் அந்தப் பழைய அறையிலிருந்து வரவழைத்த துண்டைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார். இருபத்து மூன்றாம் அறை பேசாத, பயந்த பிள்ளைகளுக்கான அறை. டிஸ்பென்சரித் துண்டில் 'பிள்ளை பேசுவதில்லை' என்று எழுதியிருந்தது.

ஜனவரி 23 முதல் ஜூலை 5 வரை நூற்று அறுபத்து மூன்று நாள். பஸ்ஸில் எண்ணினேன், வீட்டுக் கலண்டரில் ஒரு தடவை எண்ணினேன், படுத்துக்கொண்டு இன்னொரு தடவை எண்ணினேன். குறையவில்லை.

மறுநாள் டிஸ்பென்சரிக்குப் போனேன்.

"என்ன கணக்கு, எண்ணி முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு ஐயா. நூத்தி அறுபத்து மூணு நாள். ஒங்க பேர்ல எழுதிட்டுப் போக வந்தேன்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"நான் எழுதி அனுப்பலன்னு சொல்லு பாப்பம்."

"எங்க அனுப்புனீங்க? பேசாத பிள்ளைங்க கிட்ட! இவ பேச்ச நிறுத்துறதுக்குத்தான் ஐயா எங்க லயத்துல மருந்து தேடுறாங்க."

"நீ சொன்னதத்தான் நான் எழுதுனேன்."

பொய் என்று நினைத்தேன். அவர் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தேன். அன்று வரிசையில் இருபத்திரண்டு பேர். ஒருவரும் சிரிக்கவில்லை.

பிள்ளைக்கு வைத்தியம் ஆரம்பமாயிற்று. வாரத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் மாத்திரை. மறந்தும் மற்ற நாளில் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் மூன்று தடவை சொன்னார். சனிக்கிழமை முழுவதும் வயிற்றைப் புரட்டுகிறது என்று சுருண்டு கிடப்பாள். மாதாமாதம் இரத்தம் எடுப்பார்கள். இந்த வாதம் சத்தமில்லாமல் கண்ணுக்கும் போகுமாம். அதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் டாக்டர். காலையும் மாலையும் தாடைக்குச் சூட்டுத் துணி வைத்து, சொல்லிக் கொடுத்தபடி வாயைத் திறந்து மூட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் ஸ்கேல் வைத்து அளந்து கொப்பியில் எழுதினேன். 22, 22, 23, 22, 24.

அதே கொப்பியைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து பெட்டிசத்தை எழுதினேன். பதினேழு குற்றச்சாட்டு. முழங்காலில் தொடங்கி, நோயாளியைத் தலைநிமிர்ந்து பார்க்காதது வரைக்கும். தோட்டத்து மானேஜர் பெரிய தொரைக்கு ஒன்று, கம்பனிக்கு ஒன்று, தொழிற்சங்கத்துக்கு ஒன்று. அவரை மாற்ற வேண்டும். மாதம் முடிவதற்குள் குவாட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். அவருடைய குளிர்சாதனப் பெட்டியை லொறியில் ஏற்றும்போது மழை பெய்ய வேண்டும். நான் குடை பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று பார்க்க வேண்டும். இவ்வளவும் எனக்குத் தேவையாக இருந்தது. பிள்ளைக்குச் சூட்டுத் துணி பிழியும்போதுகூட அந்த லொறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். துணி ஆறிப்போய்விட்டது என்று அவள் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பெட்டிசத்தோடு சேர்க்க அவர் எழுதிய துண்டின் பிரதி வேண்டும். 2024 ஜனவரிக் கிளினிக் அன்று இருபத்து மூன்றாம் அறையிலிருந்த பழைய ஃபைலைப் புது அறைக்குக் கொண்டுபோகும்படி எங்கள் கையிலேயே கொடுத்தார்கள். நடையில் பெஞ்சில் உட்கார்ந்து புரட்டினேன். துண்டு இருந்தது. 'பிள்ளை பேசுவதில்லை.' அவர் கையெழுத்து, அவர் முத்திரை. அதன் பின்னால் துருப்பிடித்த குண்டூசியில் என் கடிதம்.

'பொங்கலிலிருந்து பிள்ளை வாய் திறப்பதில்லை' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தேன். வாய் திறப்பதில்லை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ரொட்டி இல்லை, கரும்பு இல்லை, முழங்கால் இல்லை. இரண்டாவது வரியிலிருந்து நான்காவது வரி வரைக்கும் என் சேவைக்காலமும் பதவியும். நான் தமிழில் நினைத்து இங்கிலீஷில் எழுதினேன். அவர் இங்கிலீஷில் படித்துத் தமிழில் விளங்கிக்கொண்டார். வாய் திறக்காத பிள்ளை என்றால் நம்மில் யாருக்குமே பேசாத பிள்ளைதான். அதற்கும் மேலே, பேசுகிறாளா என்று அவர் கேட்டபோது நான் வரிசையைச் சிரிக்கவைத்தேன்.

பேத்தி எட்டிப் பார்த்தாள்.

"தாத்தா, இது ஒங்க எழுத்துல்ல? ஒங்க இங்கிலீஷ் எம் மட்டுந்தான் கங்காணி மீச மாதிரி இருக்கும்."

ஃபைலை மூடினேன். பிறகு கிளினிக் நர்ஸ் மிஸ்ஸிடம் அனுமதி வாங்கி, பக்கத்துக் கடையில் பிரதி எடுக்கப் போனேன். கடைக்காரர், "ரெண்டு தாளுங்களாய்யா?" என்றார். குண்டூசியைக் கழற்றினேன்.

"ஒண்ணு போதும்."

நான் அதைத்தான் செய்தேன். பிறகு என் கடிதத்தைத் திரும்பவும் துண்டின் பின்னால் குத்தி வைத்தேன்.

2024 மார்ச் 9, சனிக்கிழமை, பத்து மணி பத்து நிமிடத்துக்குத் தோட்டத்து ஒபிசில் விசாரணை. நல்ல வெயில். பெரிய தொரை மேசைக்குப் பின்னால். டிஸ்பென்சரிக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடுவில் என் பேத்தி. அவளைச் சாட்சிக்காகக் கூட்டிப் போயிருந்தேன். என் சட்டைப் பையில் ஸ்கேல். நான் சொல்லும்போது வாயைத் திறக்க வேண்டும், தொரை முன்னால் அளந்து காட்டுவேன் என்று வழியெல்லாம் பழக்கியிருந்தேன். மற்றப் பிள்ளைகளின் வாய் எவ்வளவு திறக்கிறது என்று லயத்தில் ஆறு பிள்ளைகளை அளந்து எழுதி வைத்திருந்தேன்.

தொரை பெட்டிசத்தைப் புரட்டினார். பதினேழையும் படிக்கவில்லை, மூன்றிலேயே நிறுத்திவிட்டார்.

"டாக்டர், நீங்க ஏன் பேச மாட்டான்னு எழுதினது?"

"கணக்கு ஒரு கடிதம் குடுத்தாரு தொரை. அதுல அப்படித்தான் இருந்துச்சு. கடிதத்தையும் சேத்துக் குத்தித்தான் அனுப்புனேன்."

தொரை என்னைப் பார்த்தார். "கடிதம் எங்க?"

"அப்படிக் கடிதம் எதுவும் இல்லங்க தொரை."

சொல்லிவிட்டேன். முப்பத்து நான்கு வருடத்தில் நான் பொய்க்கணக்கு எழுதியதில்லை என்று அதே அறையில்தான் என் பிரிவுபசாரத்தில் சொன்னார்கள். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்கேலை எடுத்தேன்.

"எங்க, வாயத் தொறடி."

அவள் என்னைப் பார்த்தாள். தொரையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"தாத்தா குடுத்தாங்க. நான் பாத்தேன். ஃபைல்ல இருக்கு. பின்னால குத்தியிருக்கு."

வெளியே யாரோ கொழுந்துச் சாக்கை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"வாய் நல்லாத்தான் தொறக்குது கணக்கு" என்றார் டிஸ்பென்சரிக்காரர்.

தொரை சிரிப்பை அடக்கிக்கொண்டு, வேலை இருக்கிறது, மூன்று பேரும் போங்கள் என்றார்.

திரும்பி வரும்போது அவளோடு பேசவில்லை. அவளும் ஒன்றும் சொல்லாமல் வந்தாள். உண்மையிலேயே பேசாமல் வந்த ஒரே நாள் அது. லயத்துப் படியில் ஏறும்போது, "அளக்கலியே தாத்தா" என்றாள். அளந்தேன். முப்பத்தொன்று.

அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்த வருடம் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். நான் போகவில்லை. குளிர்சாதனப் பெட்டியை லொறியில் ஏற்றிய அன்றும் வெயில்தான். என் வாக்கியம் பிழை; சரி. ஆனால் பிள்ளை அவர் மேசையிலிருந்து ஒரு முழ தூரத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தாள். பேசாத பிள்ளை எப்படிப் பாடும்? ஒரு தடவை தலையைத் தூக்கி, ஒரு விரல் வைத்துப் பார்த்திருந்தால் முடிந்துவிட்டது. இதை எத்தனை தடவை சொன்னாலும் கடைசியில் என் பக்கமே வந்து நிற்கிறது. எட்டு நாள் ஒரே வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். நானும் விரல் வைத்துப் பார்க்கவில்லை. ரொட்டியை எண்ணினேன்.

இப்போது கடிதம் எழுதிக்கொள்ள என்னிடம் யாரும் வருவதில்லை. நான்காம் காம்பராப் பையன் போனிலேயே அடித்துக் கொடுக்கிறான். குழாயடியில் யாராவது பேசாமல் நின்றால், "என்ன, கணக்கப்புள்ள பேத்தி மாதிரி வாய் தொறக்கலியா?" என்று பெண்கள் கேட்டுச் சிரிக்கிறார்கள். பேத்திதான் முதலில் சிரிக்கிறாள். போன ஞாயிறு முப்பத்தாறு மில்லிமீற்றர். ரொட்டி பதினான்கு துண்டு. நாடி இன்னும் இடப்பக்கம் கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது. வளர்ந்து முடிகிற வரைக்கும் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். அந்த நூற்று அறுபத்து மூன்று நாளில் எத்தனை மில்லிமீற்றர் போயிற்று என்று கேட்டேன். அதை அளக்க ஸ்கேல் இல்லை ஐயா என்றார்.

மாத்திரை, ஊசி, ஸ்கான் எதற்கும் ஆஸ்பத்திரியில் ஒரு சதம் வாங்கவில்லை. பெட்டிசத்தைப் பதுளையில் டைப் அடித்தது ஆயிரத்து இருநூறு, மூன்று பதிவுத் தபாலும் முந்நூற்று அறுபது, பிரதிகள் அறுபது, அதற்கென்றே அலைந்த பஸ் எழுநூற்று ஐம்பது, விசாரணைக்குப் பிள்ளையைத் திரீவீலரில் கூட்டிப்போய் வந்தது ஆயிரத்து ஐந்நூறு. ஆக மொத்தம் மூவாயிரத்து எண்ணூற்று எழுபது ரூபா.